மாத இறுதி அறிக்கைகளை மொத்தமாக அச்சிடவும் பிடிஎஃப் ஆகச் சேமிக்கவும் நம்பகமான வழி எது?

கேள்வி:

எங்கள் கணக்குப் பிரிவிலிருந்து மாதந்தோறும் சுமார் 600 வாடிக்கையாளர்களுக்குக் கணக்கறிக்கை அனுப்ப வேண்டியுள்ளது. அறிக்கை எஸ்எஸ்ஆர்எஸ்-இல் (எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்துக்கான மைக்ரோசாஃப்டின் அறிக்கைக் கருவி) வடிவமைக்கப்பட்டது. எங்களிடம் இருப்பது எஸ்கியூஎல் சர்வரின் ஸ்டாண்டர்டு பதிப்பு. இப்போது ஒருவர் அமர்ந்து, வாடிக்கையாளர் எண்ணை உள்ளிட்டு, அறிக்கையை அச்சிட்டு, அதையே பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகிறார். எல்லா எண்களையும் ஒரே அறிக்கையில் கொடுத்துப் பக்கம் பிரித்துப் பார்த்தோம். அச்சு வேலை சுலபமானது. ஆனால் பிடிஎஃப் ஒரே பெரிய கோப்பாக வருகிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு பக்கத்தையும் அடுத்து ஒரு வெற்றுப் பக்கமும் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பும், வரிசை மாறாத அச்சுப் பிரதியும் கிடைக்க என்ன செய்யலாம்?

முதல் பதில்:

பட்டியலிலுள்ள ஒவ்வொருவருக்கும் தானாகவே அறிக்கை உருவாக்கித் தரும் தரவுசார் சந்தா வசதி ஸ்டாண்டர்டு பதிப்பில் இல்லை; அது என்டர்பிரைஸ் பதிப்புக்கு உரியது. இதற்காக மட்டும் பதிப்பை மாற்ற வேண்டியதில்லை. அறிக்கையின் இணைய முகவரியிலேயே வாடிக்கையாளர் எண்ணையும், வெளியீட்டு வடிவம் பிடிஎஃப் என்பதையும் சேர்த்து அழைத்தால், திரையில் அறிக்கை விரிவதற்குப் பதிலாகக் கோப்பே கிடைத்துவிடும். எண்களின் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்து அந்த முகவரியை அழைக்கும் சிறிய பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை மொழி) நிரல் போதும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: அறிக்கையை ஒருமுறை அச்சுக்காகவும் மறுமுறை கோப்புக்காகவும் இயக்காதீர்கள். இரண்டு ஓட்டங்களுக்கும் இடையில் யாரேனும் முன்தேதியிட்ட ஒரு பதிவைச் சேர்த்தால், வாடிக்கையாளர் கையிலுள்ள தாளில் ஒரு நிலுவையும் உங்கள் கோப்பில் வேறொரு நிலுவையும் இருக்கும். முதலில் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிவிட்டு, அந்தக் கோப்புகளையே அச்சுக்கு அனுப்புங்கள். நடுவில் தாள் சிக்கினாலும், தரவுத்தளத்தைத் தொடாமல் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அறிக்கையின் முடிவுத் தேதியாக ‘இன்று’ என்று விடாமல், மாதத்தின் கடைசி நாளை நிரலே அளிக்கும்படி செய்யுங்கள். நள்ளிரவைத் தாண்டி ஓடும் தொகுப்பில் இந்த வேறுபாடு வெளிப்படும்.

இரண்டாம் பதில்:

வெற்றுப் பக்கம் அச்சுப்பொறியால் வருவதன்று. அறிக்கை உடலின் (உள்ளடக்கம் அமையும் பகுதி) அகலமும் இடப்புற, வலப்புற ஓரங்களும் சேர்ந்து தாளின் அகலத்தைத் தாண்டினால், மிஞ்சிய பகுதி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; இருபுறமும் 2 செ.மீ. ஓரம் விட்டால் உடலுக்கு 17 செ.மீ.தான் கிடைக்கும். வடிவமைப்பின்போது ஒரு பெட்டியையோ கோட்டையோ வலப்பக்கம் இழுத்தால் உடல் தானாக விரிவடையும். பிறகு அந்தப் பெட்டியை நீக்கினாலும் உடல் சுருங்காது. எனவே பண்புகள் பகுதியில் உடலின் அகலத்தை எண்ணாகப் பார்த்துக் குறைத்துவிடுங்கள்.

இருபக்க அச்சு என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லாக் கோப்புகளையும் இணைத்து ஒரே பணியாக அனுப்பும்போது, ஒருவரின் அறிக்கை மூன்று பக்கங்களில் முடிந்தால், அவருடைய கடைசித் தாளின் பின்புறத்தில் அடுத்தவரின் முதல் பக்கம் அச்சாகிவிடும். ஒருவரது கணக்கு விவரம் மற்றவருக்குப் போவது சிறிய விஷயம் அன்று. ஒற்றைப்படையில் முடியும் கோப்புகளுக்கு ஒரு வெற்றுப் பக்கம் சேர்த்து இணையுங்கள், அல்லது ஒவ்வொரு கோப்பையும் தனிப் பணியாக அனுப்புங்கள். தனிப் பணிகளை ஒரே நேரத்தில் பல இழைகளில் (இணையாக ஓடும் நிரல் பகுதிகளில்) அனுப்பினால் வரிசை குலையும். ஒன்று அச்சு வரிசையில் சேர்ந்த பிறகே அடுத்ததை அனுப்ப வேண்டும்.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. உடலின் அகலம் 18.4 செ.மீ. என்றிருந்தது, 17 ஆகக் குறைத்ததும் வெற்றுப் பக்கங்கள் மறைந்துவிட்டன. கோப்புகளுக்கு வாடிக்கையாளர் பெயரையே வைக்கலாமா? இதே அறிக்கையை எக்செல் ஆகவும் கேட்கிறார்கள்.

மூன்றாம் பதில்:

பெயரை மட்டும் நம்பாதீர்கள். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி போன்றவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. ஒரே பெயரில் இருவர் இருந்தால் ஒருவரின் கோப்பு மற்றவருடையதை அழித்துவிடும். முன்னால் பூச்சியம் இட்டு நீளத்தைச் சமமாக்கிய வாடிக்கையாளர் எண்ணும் ஆண்டு, மாதமும் போதும். அகரவரிசையே அச்சு வரிசையாகவும் அமையும். ஒவ்வொரு எண்ணுக்கும் நேரம், பக்க எண்ணிக்கை, வெற்றியா தோல்வியா என்பதை ஒரு பதிவேட்டு அட்டவணையில் எழுதி வையுங்கள். கோப்பு உருவானதே போதும் என்று விட்டுவிடாதீர்கள்: சில கருவிகள் சர்வர் அனுப்பும் பிழைச் செய்தியையே பிடிஎஃப் என்ற பெயரில் சேமித்துவிடும். ஆகவே கோப்பைத் திறந்து பக்கங்களை எண்ண முடிகிறதா என்று நிரலே சோதிக்கட்டும்.

எக்செலுக்கு அச்சு வடிவத்தையே ஏற்றுமதி செய்தால், பக்கப் பிரிப்பு ஒவ்வொன்றும் எக்செல் கோப்புக்குள் தனிப் பணித்தாளாகும். நேர்க்கோட்டில் அமையாத பெட்டிகள் இணைக்கப்பட்ட கட்டங்களாக மாறி, வரிசைப்படுத்தவோ வடிகட்டவோ விடாது. தலைப்பும் சின்னமும் இல்லாத, வெறும் அட்டவணை மட்டுமே கொண்ட இரண்டாவது அறிக்கை ஒன்றை அதே வினவலின் (தரவைக் கேட்டெடுக்கும் கட்டளை) மீது அமைத்துவிடுங்கள்.