ரேடியேட்டரைத் திறந்தால் பாதி கூலன்ட்தான் வருகிறது, மீதி எங்கே?

சேற்றுவண்டி:
வணக்கம். என் காரில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை மாற்றி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பச்சையாக இருந்தது இப்போது துருப்பிடித்த பழுப்பு. வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று, எஞ்சின் நன்றாக ஆறியதும் ரேடியேட்டர் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்தேன். மேனுவலில் மொத்தம் 6 லிட்டர் என்று போட்டிருக்கிறது. அளந்து பார்த்தால் மூன்றரை லிட்டர்தான் வந்திருக்கிறது. எங்கும் ஒழுகலும் இல்லை. மீதி எங்கே? பாதித் தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன், அப்படியே ஊற்றிவிடலாமா?

பழைய ஸ்பேனர்:
எங்கேயும் போகவில்லை. எஞ்சின் பிளாக்கிலும் (எஞ்சினின் உடல்பகுதி) ஹீட்டர் குழாய்களிலும் உட்கார்ந்திருக்கிறது. சூடேறினால் மட்டும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது அந்தப் பக்கத்துத் தண்ணீர் ரேடியேட்டர் வழியாக முழுசாக இறங்காது. சில எஞ்சின்களில் பிளாக்கிலேயே தனியாக ஒரு டிரெயின் போல்ட் இருக்கும்; கை எட்டினால் அதையும் திறங்கள்.

எட்டாவிட்டால் தண்ணீர் ஊற்றி அலசுவதுதான் வழி. நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை ஒரு பக்க ஹோஸ் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்கும். திறந்ததும் இரண்டும் சூடாகிவிடும். ஃபேன் பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள், மின்சார ஃபேன் சொல்லாமல் சுழலும். அப்புறம் அணைத்து, முழுசாக ஆறவிட்டு வடியுங்கள். வருகிற தண்ணீர் தெளியும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். கடைசி அலசல் மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே தங்கினால் நாளடைவில் படிந்துவிடும்.

இப்போது ரெடிமிக்ஸ் விஷயம். அலசி முடித்த பிறகும் பிளாக்கில் இரண்டரை லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கும். அதன்மேல் மூன்றரை லிட்டர் ரெடிமிக்ஸ் ஊற்றினால் அதில் கூலன்ட் ஒன்றே முக்கால் லிட்டர்தான். மொத்த 6 லிட்டரில் அது 30 சதவீதம்கூட இல்லை. துருவைத் தடுக்கும் மருந்தும் அதே அளவுக்கு நீர்த்துப் போகும். அதனால் தண்ணீர் கலக்காத கூலன்ட் 3 லிட்டரை முதலில் ஊற்றுங்கள், மேலே அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். உள்ளே நிற்பதோடு சேர்ந்து பாதிக்குப் பாதி சரியாக வந்துவிடும். ரெடிமிக்ஸைப் பின்னால் குறையும்போது ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள்.

நீலமூடி:
அண்ணா சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்: நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் போட்டிருக்கும் வகையைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு எதிர்ப்பக்கமாக ஹோஸில் தண்ணீர் அடித்தால் வேலை சீக்கிரம் முடியுமே?

பழைய ஸ்பேனர்:
முடியும், எஞ்சின் ஆறியிருந்தால். எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சினால் வளையலாம், விரிசலும் விடலாம். குழாயை முழு வேகத்தில் திறப்பதும் பழைய ரேடியேட்டருக்கு ஆகாது.

வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், திறந்தும் வைக்காதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் போய்விடும். மூடி போட்ட கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் எடுக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். வடித்ததன்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்ததா என்பதையும் சொல்லுங்கள். மிதந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சேற்றுவண்டி:
எண்ணெய் இல்லை, அடியில் துருத்தூள் மட்டும். நீங்கள் சொன்ன கணக்குப்படி நிரப்பிவிட்டேன். ஆனால் டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்க, ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வருகிறது.

பழைய ஸ்பேனர்:
ஏர் லாக், உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஆறிய பிறகு வண்டியின் முன்பக்கம் உயரும்படி சரிவில் நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்க்ரூ இருந்தால் அதையும் லேசாகத் தளர்த்துங்கள். ஹோஸ் சூடாகும் முன்பே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், வாயில் குமிழ் குமிழாக வரும். மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழ் நின்றதும் மூடலாம். முள் நடுவைத் தாண்டினால் உடனே அணைத்துவிடுங்கள், சூட்டோடு மூடியைத் தொட வேண்டாம்.

சேற்றுவண்டி:
சூடான காற்று வந்துவிட்டது. காலையில் பார்த்தபோது ரிசர்வ் டேங்கில் கொஞ்சம் இறங்கியிருந்தது, ரெடிமிக்ஸை ஊற்றிச் சரிசெய்தேன். நன்றி அண்ணா.