ஸ்டால் டேபிள்ல கம்மல், வளையல் அடுக்க கம்மி செலவுல ஸ்டாண்ட் செய்யணும், ஐடியா குடுங்க

பட்டுநூல்_திருப்பூர்:
எல்லாருக்கும் வணக்கங்க. டெரகோட்டா ஜிமிக்கி, சில்க் த்ரெட் வளையல் ரெண்டும் வீட்லயே செஞ்சு வாட்ஸ்அப்ல வித்துட்டு இருக்கேன். நவராத்திரிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒரு அப்பார்ட்மென்ட்ல ஸ்டால் போட இடம் கெடச்சிருக்குங்க, ஒரு டேபிள் ஒரு சேர் அவ்ளோதான் தருவாங்களாம். போன வருஷம் ஒரு மண்டபத்துல போட்டப்ப வெள்ளைத் துணி விரிச்சு எல்லாத்தையும் படுக்க வெச்சிருந்தேன், வந்தவங்க நடந்துட்டே ஒரு பார்வை பாத்துட்டு போய்ட்டாங்க, பக்கத்து ஸ்டால்ல சாதாரண கம்மல்தான் ஆனா ஸ்டாண்ட்ல தொங்க விட்டிருந்தாங்க, கூட்டமெல்லாம் அங்கதான். வீட்டுக்கு வந்து அழுதுட்டேன். வெல்வெட் கழுத்து பொம்மை, அக்ரிலிக் ஸ்டாண்டெல்லாம் ஆன்லைன்ல பாத்தேன், தேவையானதை வாங்குனா எங்கிட்ட இருக்க சரக்கோட வெலையே வந்துடும். 500 ரூபாய்க்குள்ள முடிக்கணும், ஸ்கூட்டில ஒரே பெட்டியா எடுத்துட்டு போகணும். தெர்மாகோல்ல படி மாதிரி வெட்டி கோல்டு ஸ்ப்ரே அடிக்கலாம்னு இருக்கேன், சரியா வருமுங்களா?

மண்ணும்_கையும்:
ஸ்ப்ரே மட்டும் அடிச்சிடாதீங்க சிஸ்!! அதுல இருக்க சால்வென்ட் தெர்மாகோலை அப்படியே கரைச்சு குழி குழியா ஆக்கிடும், ஃபெவிகுவிக்கும் அதே கதைதான். தெர்மாகோல்னா வெள்ளை ஃபெவிகால், மேல அக்ரிலிக் பெயின்ட், இல்லன்னா துணி சுத்திடுங்க. ஆனா படிக்கு தெர்மாகோலே வேண்டாம்னு சொல்வேன், வெயிட் இல்லாததால ஃபேன் காத்துக்கே நகரும். வீட்ல கொலுவுக்கு பெட்டி டப்பாவெல்லாம் அடுக்கி மேல வேட்டி விரிப்போம்ல, அதேதான் இங்கயும். மூணு செருப்பு டப்பா, ஒண்ணு படுத்தாப்ல, ஒண்ணு பக்கவாட்டுல, ஒண்ணு நிமித்தி வெச்சா மூணு உயரம் கெடச்சிடும், போகும்போது அந்த டப்பாக்குள்ளயே சரக்கை வெச்சு எடுத்துட்டு போய்டலாம். ஜிமிக்கியை முட்டை அட்டைல குழிக்கு ஒண்ணா வெச்சா ஒண்ணோட ஒண்ணு மோதி உடையாது.

துணி காடா துணி வாங்குங்க. செங்கல் கலர் டெரகோட்டாவுக்கும் பட்டுநூலோட பளிச் கலருக்கும் அந்த மங்கின வெள்ளை மாதிரி எதுவும் எடுத்துக் காட்டாது, கறுப்பு வெல்வெட்ல தூசியும் நூலும்தான் மொதல்ல தெரியும். பின்னாடி ஒரு பழைய கோரைப்பாயை கம்புல கட்டி தொங்க விடுங்க, கோரைக்கு நடுவுல இருக்க சந்துல கம்மல் கொக்கி அப்படியே சொருகி நிக்கும். நான் நாலு வருஷமா இதைத்தான் பண்றேன், சுருட்டி ஸ்கூட்டில முன்னாடி வெச்சுக்கலாம்.

கண்ணாடிவளை:
வளையலுக்கு நான் சொல்றேன்ங்க. பிளம்பிங் கடைல பிவிசி பைப் 50 எம்எம் கேளுங்க, துண்டு பைப்பா இருந்தா சும்மாவே தருவாங்க. 63 எம்எம் வாங்கிடாதீங்க, 2.4 சைஸ் வளையல் உள்விட்டம் சுமார் 57 எம்எம், 2.6க்கு 60 எம்எம்தான், ரெண்டுமே ஏறாது. நான் தெரியாம வாங்கி ஒரு நாள் பூரா அறுத்து தேச்சதெல்லாம் வீணாப் போச்சு. பைப்புக்கு காடா துணியை ஒரே ஒரு சுத்து ஒட்டுங்க, வளையல் வழுக்காது.

அப்புறம் நீங்க திருப்பூர்னு சொல்றீங்க, பனியன் கம்பெனில நூல் தீந்த காலி கோன் எவ்ளோ கெடைக்கும்! எடைக்குப் போடுறதுதான், தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா பத்து குடுப்பாங்க. வரிசையா நிக்க வெச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரு செட் வளையல், கூம்பா இருக்கதால சின்ன சைஸ் மேலயே நின்னுடும், பெருசு கீழ எறங்கும். கோன் அடில ஒரு சின்ன பை மணல் வெச்சு அட்டை ஒட்டுங்க, கை பட்டாலும் சாயாது.

வெள்ளிக்கொலுசு:
கழுத்து செட்டுக்கு தினசரி காலண்டர் அட்டை. நல்ல கெட்டி. சாமி படத்தை வெட்ட மனசு வராது, அதனால தண்ணி தொட்டு படத்தை மொதல்ல உரிச்சு எடுத்து வெச்சுட்டு அப்புறம் வெட்டுங்க. மேல ரெண்டு ஓரத்துலயும் சின்னதா வெட்டு விட்டா செயின் அதுல மாட்டும், பின்னாடி முக்கோணமா ஒரு துண்டு ஒட்டி லேசா சாய்ச்சு நிறுத்தணும்.

மோதிரம் வெக்கிறவங்களுக்கு: ஏசி பைப் மேல சுத்துற கறுப்பு ஃபோம் துண்டை கீறி அதுல சொருகலாம்னு நெறைய பேர் சொல்வாங்க. டெரகோட்டாவுக்கு ஓகே. வெள்ளிக்கு வேண்டவே வேண்டாம், ரப்பர்ல இருக்க கந்தகம் பட்டு கறுத்துடும், ரப்பர் பேண்டும் அப்படித்தான்.

எல்லாத்தையும் விட முக்கியம் முகம் பாக்குற கண்ணாடி. காதுல வெச்சுப் பாக்க முடியலன்னா யாரும் வாங்க மாட்டாங்க. அதை குனியாம பாக்குற உயரத்துல வைங்க.

பட்டுநூல்_திருப்பூர்:
ரொம்ப ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். எங்க வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு கம்பெனில கேட்டு 14 கோன் வாங்கியாச்சு, காடா துணி ரெண்டு மீட்டர், பாய் மாமியாரோடது. தரைல சாக்பீஸ்ல டேபிள் அளவு கோடு போட்டு எல்லாத்தையும் அடுக்கி, எட்டி நின்னு போட்டோ எடுத்துப் பாத்தேன், பாய்ல கீழ் வரிசைல மாட்டின கம்மலை டப்பா மறைக்குது. பாயை இன்னும் மேல தூக்கணுமா இல்ல டப்பாவை ஓரத்துக்கு தள்ளணுமா?

மண்ணும்_கையும்:
டப்பாவை ரெண்டு ஓரத்துக்கும் தள்ளிடுங்க, நடுவுல கோன் மட்டும் இருக்கட்டும். பாயை ரொம்ப மேல தூக்குனா குள்ளமா இருக்கவங்களுக்கு கை எட்டாது சிஸ், அவங்களே எடுத்து காதுல வெச்சுப் பாக்கணும்.