பிரைமரியில் தோற்ற பிறகு ஜெயித்தவருக்காகக் கதவு தட்டியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லேக்கவானா

2008, பென்சில்வேனியா, ஸ்க்ராண்டன் பக்கம். ஜனநாயகக் கட்சிக்குள் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிப் போட்டியில் ஹிலரியும் ஒபாமாவும் மோதி ஒபாமா ஜெயித்தது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேரே அக்டோபருக்கு வருகிறேன். நான் ஹிலரி பக்கம். ஏப்ரல் 22 வரை அவருக்காகத் தெருத்தெருவாக அலைந்தவள். ஸ்க்ராண்டன் அவருடைய அப்பா ஊர் வேறு, எங்கே போனாலும் காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார்கள். ஜூன் 7 அன்று அவர் விலகி ஒபாமாவுக்கு ஆதரவு சொன்ன பிறகு கொஞ்ச காலம் செய்தியே பார்க்கவில்லை. அப்புறம் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெயின், சேரா பேலினைத் துணை ஜனாதிபதி வேட்பாளராகக் கொண்டுவந்து நிறுத்தியதும் பொறுக்காமல் ஒபாமா ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த காலேஜ் பையன் என் பழைய கதையைக் கேட்டுவிட்டு ஒரு லிஸ்டைக் கையில் திணித்தான். முழுக்க ஹிலரி வீடுகள்.

அதில் ஒரு வீட்டில் ஹிலரி போர்டு இன்னும் புல்தரையில் நின்றது, பாதி இலைக்குள் புதைந்து. கதவைத் திறந்த பாட்டி என் சட்டையில் இருந்த ஒபாமா பட்டனைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "ஏப்ரலில் வந்தவள் நீதானே?" ஆமாம் என்றேன். "அந்த ஆளுக்கு அனுபவம் போதாது என்று இதே படியில் நின்று சொன்னாய். ஆறு மாதத்தில் வந்துவிட்டதா?" ஹிலரியே சொல்லிவிட்டாரே என்று இழுத்தேன். "அவள் சொல்லித்தான் ஆகவேண்டும், அவளுக்கு அரசியல் இருக்கிறது. உனக்கு என்ன?" என்றார். கதவைச் சாத்தவும் இல்லை, அப்படியே நின்றார், என் பதிலுக்காக. நான் ஹெல்த்கேர் பற்றி ஏதோ பேசிவிட்டு நோட்டீஸைக் கொடுத்துவிட்டு வந்தேன். நவம்பரில் மாநிலம் நல்ல வித்தியாசத்தில் ஒபாமாவுக்கு விழுந்தது. அந்த "உனக்கு என்ன"வுக்கு மட்டும் இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை.

பிராட்ஸ்ட்ரீட்

அக்கா, உங்கள் ஆட்களில் ஒருவரைத்தான் நான் 2016இல் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

வேட்பாளரை அறிவிக்கும் ஃபிலடெல்ஃபியா கட்சி மாநாடு, ஜூலை. நான் பிரைமரியில் ஹிலரியிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸ் ஆள். டெலிகேட் (மாநாட்டில் ஓட்டுப் போடும் பிரதிநிதி) எல்லாம் இல்லை, அரங்கத்துக்கு எதிரே எஃப்டிஆர் பார்க்கில் வெயிலில் நின்ற கும்பலில் ஒருத்தன். கட்சி ஆபீஸ் பெர்னிக்கு எதிராகச் சாய்ந்திருந்ததைக் காட்டிய மெயில்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டு ரெண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது, கட்சித் தலைவர் டெபி வாஸர்மன் ஷுல்ட்ஸ் போகிறேன் என்று அறிவித்துவிட்டார், எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை பகலில் பெர்னி தன் டெலிகேட்டுகளிடம் ஹிலரியை ஜெயிக்க வைக்கவேண்டும் என்று சொன்னதற்கு அவர்களே அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள் என்றால் நிலைமை புரியும்.

செவ்வாய்க்கிழமை இரவு சப்வேயில் திரும்பி வருகிறேன். ஒரே பெட்டியில் ரெண்டு கோஷ்டியும். அன்றைக்குத்தான் மாநில வாரியாக ஓட்டு எண்ணி, கடைசியில் பெர்னியின் மாநிலமான வெர்மான்ட்டின் முறை வந்தபோது பெர்னியே எழுந்து ஹிலரியை வேட்பாளராக அறிவிக்கச் சொன்னார். அதற்கு முன்னால் வெளிநாட்டு ஜனநாயகக் கட்சியினர் சார்பில் அவர் அண்ணன் லாரி எழுந்து, இறந்துபோன அப்பா அம்மா பெயரைச் சொல்லித் தம்பிக்கு ஓட்டுப் போட்டதைப் போனில் பார்த்துவிட்டு என் கண் சிவந்திருந்தது. எதிரே ஹிலரி பட்டன் குத்திய அம்மா, அறுபது வயது இருக்கும், என்னையே பார்த்துக்கொண்டு வந்தவர் கேட்டார்: "2008இல் நாங்களும் அழுதோம். அழுதுவிட்டு வேலைக்கு வந்தோம். நீ எப்போது வருவாய்?" நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் சொன்னேன், "உங்களை ஒருத்தர் வந்து கூப்பிட்டார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை, வாயை மூடு என்றுதான் சொல்கிறார்கள்." அவர் அடுத்த ஸ்டேஷன் வரை யோசித்தார். அப்புறம் இறங்கிவிட்டார்.

கணக்குப்பிள்ளை

கூப்பிடவில்லையாம். வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்க வேண்டும்?

என் அனுபவம் ஒன்றும் பெரிதாக இல்லை, மிச்சிகனில் இருந்தேன், அவ்வளவுதான். 2016 நவம்பரில் எண்ணி முடித்தபோது ட்ரம்ப் ஹிலரியை ஜெயித்தது 10,704 ஓட்டு வித்தியாசத்தில். விஸ்கான்சின் 22,748. பென்சில்வேனியா 44,292. ஹிலரியைத் தோற்கடித்த இந்த மூன்று மாநிலத்தையும் சேர்த்தால் 80,000 கூட வராது. பிரைமரியில் பெர்னிக்குப் போட்டவர்களில் சுமார் 12 சதவீதம் பேர் ட்ரம்புக்குப் போட்டார்கள் என்று தேர்தலுக்குப் பின் நடந்த பெரிய ஆய்வு ஒன்று சொன்னது. இந்த ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிராட்ஸ்ட்ரீட் நண்பர் சப்வேயில் டயலாக் பேசிய கதை நன்றாக இருக்கிறது, நவம்பரில் என்ன செய்தார் என்று எழுதவில்லையே?

பிராட்ஸ்ட்ரீட்

ஹிலரிக்குத்தான் போட்டேன். கதவும் தட்டினேன், டெலவேர் கவுன்டியில், செப்டம்பர் கடைசியில் இருந்து. எழுதாததற்குக் காரணம் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கணக்கு பேசுகிறீர்கள், முழுசாகப் பேசுங்கள். 2008இல் ஹிலரிக்கு பிரைமரியில் போட்டுவிட்டு நவம்பரில் மெக்கெயினுக்குப் போட்டவர்கள் அந்த 12 சதவீதத்தைவிட அதிகம். அப்போது யாரும் அவர்களைத் துரோகி என்று சொல்லவில்லை, ஏனென்றால் ஒபாமா ஜெயித்துவிட்டார். அப்புறம் பொதுத்தேர்தல் பிரச்சாரத்தில் ஹிலரி விஸ்கான்சினுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. அதுவும் பெர்னி ஆட்கள் தடுத்துத்தான் போகவில்லையா?

நாஷுவா மாமா

சண்டையை நிறுத்துங்கள் தம்பிகளா. யூனிட்டி கூட்டத்துக்குப் போனவன் நான், அதைச் சொல்கிறேன்.

2008 ஜூன் 27. நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்று குக்கிராமம், ஜனவரி பிரைமரியில் ஒபாமாவுக்கு 107, ஹிலரிக்கு 107 விழுந்த ஊர். அதனால்தான் ரெண்டு பேரும் முதல் முறை சேர்ந்து மேடை ஏற அந்த இடத்தைப் பிடித்தார்கள். பள்ளிக்கூட மைதானம், சுற்றிலும் மரம், ஆயிரக்கணக்கில் ஜனம். ஹிலரி நீல பேன்ட்சூட், ஒபாமா டையும் அதே நீலம், சம்பந்தி வீட்டுக் கல்யாணம் மாதிரி எல்லாம் பொருத்தம் பார்த்துச் செய்திருந்தார்கள்.

எனக்கு மேடை முக்கியமில்லை, என் முன்னால் நின்ற ஆள்தான் முக்கியம். பழைய ஹிலரி டி-ஷர்ட், கட்டிய கை கட்டியபடி நின்றார். ஹிலரி பேச ஆரம்பித்ததும் ஒரு கையை மட்டும் இறக்கி, அவர் "பராக்" என்று சொல்லும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கினார். ஐந்து விரலும் முடிந்து மறுபடி ஆரம்பித்தார். ஒபாமா பேச வந்ததும் அதே போல "ஹிலரி"யை எண்ணத் தொடங்கினார். கூட்டம் முடிந்ததும் என்னால் அடக்க முடியாமல் கணக்கு என்னவென்று கேட்டேன். "அவன் கொஞ்சம் பாக்கி வைத்திருக்கிறான், ஆனால் பரவாயில்லை" என்றார் அந்த மனிதர். கோபமா கிண்டலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பாக்கி என்றதும் ஞாபகம் வருகிறது, அதற்கு முந்தின நாள் வாஷிங்டனில் ஹிலரியின் பெரிய நன்கொடையாளர்களோடு கூட்டம். ஹிலரி பிரச்சாரத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் கடன். ஒபாமாவும் மிஷலும் ஆளுக்கு 2,300 டாலர், அப்போது சட்டம் அனுமதித்த உச்சம், செக் எழுதிக் கொடுத்தார்கள். ஒற்றுமைப் பேச்சைவிட அந்தச் செக்தான் வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம். அவர் தரப்பிலும் சும்மா இல்லை, டென்வர் மாநாட்டில் ஹிலரியே எழுந்து எண்ணிக்கையை நிறுத்தி ஒபாமாவை ஏகமனதாக அறிவிக்கச் சொன்னார். 2016இல் பெர்னி செய்ததற்கு அதுதான் முன்மாதிரி.

மினசோட்டா மாமி

எங்கள் கதையில் அழுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. 2020 பிரைமரி, ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்ட ஏமி க்ளோபுச்சர். எங்கள் சொந்த செனட்டர்.

மார்ச் 1 ஞாயிறு இரவு செயின்ட் லூயிஸ் பார்க்கில் அவர் கூட்டம், போராட்டக்காரர்கள் மேடையைப் பிடித்து நடக்காமலே போனது. திங்கள் மதியம் நான் வீட்டிலிருந்து வாக்காளர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், மறுநாள் ஓட்டுப்பதிவு, மகள் வந்து "அம்மா, ஏமி விலகிட்டாங்களாம்" என்கிறாள். லைனில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்கும் அந்த நிமிஷம் டிவியில் ஓடுகிறது. "நான் ஜனவரியிலேயே தபாலில் அவருக்குப் போட்டுவிட்டேனே, அந்த ஓட்டை இப்போது என்ன செய்வது?" என்று கேட்டார். மினசோட்டாவில் அனுப்பிய சீட்டைத் திரும்ப வாங்க ஒரு வழி உண்டு, அந்தக் கெடு போன வாரமே முடிந்திருந்தது. அதைச் சொன்னேன். "அப்போது நீ எதற்கு இப்போது கூப்பிட்டாய்?" என்றார். நியாயமான கேள்விதானே.

அன்றிரவே டல்லஸில் ஏமி போய், போட்டியில் இருந்த ஜோ பைடனின் மேடையில் ஆதரவாக நின்றார், முந்தின நாள் விலகிய இன்னொரு போட்டியாளர் பீட் பூட்டிஜெஜும் அதே ஊரில் அன்றே ஆதரவு சொன்னார். மறுநாள் பைடன் மினசோட்டாவை ஜெயித்தார். ஏமி பெயர் சீட்டில் அப்படியேதான் இருந்தது, ஆயிரக்கணக்கில் விழவும் விழுந்தது. அந்த ஓட்டெல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்று யாரும் பேசுவதில்லை. கேரேஜில் பச்சை போர்டுகள் இன்னும் இருக்கின்றன, தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்கக் கம்பி உதவுகிறது.

சாம்பார்சாதம்

நானும் 2020தான். ஏப்ரலில் பெர்னி விலகி பைடனுக்கு ஆதரவு சொன்ன பிறகு பெர்னி ஆட்களுக்கே போன் பண்ணச் சொன்னார்கள், ஒருத்தர் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார், அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதைப் படிக்கும் புதியவர்களுக்குச் சில விஷயம் சொல்லவேண்டும். முதலாவது, எச்1பி விசாவில் இருப்பவர்கள் வாலண்டியராகப் போகலாமா என்று எல்லோரும் பயப்படுகிறீர்கள். சம்பளம் வாங்காமல் கதவு தட்டலாம், போன் பண்ணலாம். பணம் மட்டும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, டி-ஷர்ட் வாங்குவதும் நன்கொடைதான், ஜாக்கிரதை. கிரீன் கார்டு இருந்தால் நன்கொடை கொடுக்கலாம், ஓட்டு கிடையாது. அப்புறம், தோற்ற பக்கத்து ஆளிடம் போகும்போது பிரைமரியைப் பற்றி நீங்களாகப் பேசவே கூடாது. அவர் பேசினால் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள், பாதிப் பேருக்கு அது போதும். "கட்சிக்காக" என்று சொல்லாதீர்கள், அவருக்குக் கட்சி மேல்தான் கோபம். அவருடைய ஆள் பேசிய விஷயத்தில் எதையாவது நம் ஆள் ஏற்றுக்கொண்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். பைடனும் பெர்னியும் ஆறு தலைப்பில் குழு போட்டு உட்கார்ந்து பேசினார்களே, பருவநிலை, மருத்துவம், குடியேற்றம் என்று, போனில் எங்களுக்குக் கொஞ்சமாவது உதவியது அதுதான். 2018இல் சூப்பர் டெலிகேட்டுகள், அதாவது பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாத கட்சிப் பெரிய தலைகள், மாநாட்டின் முதல் சுற்றில் ஓட்டுப் போடக் கூடாது என்று விதியை மாற்றியதும் அப்படித்தான், பழைய காயத்துக்கு மருந்து. கடைசியாக, எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு பூத்துக்குப் போவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைக்க வேண்டும். லேக்கவானா அக்கா அந்தப் பாட்டியிடம் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

லேக்கவானா

அந்தப் பாட்டியிடம் "எத்தனை மணிக்குப் போவீர்கள்" என்று கேட்டிருந்தால் போர்டைப் பிடுங்கி அடித்திருப்பார் தம்பி.

ஹார்ட்ஃபோர்ட்

எல்லோரும் சேர்ந்த கதை சொல்கிறீர்கள். சேராத கதையும் ஒன்று இருக்கட்டும்.

2006, கனெக்டிகட். ஜனநாயகக் கட்சியின் ஜோ லீபர்மன், மூன்று முறை செனட்டர், 2000இல் துணை ஜனாதிபதி வேட்பாளர். ஈராக் போரை ஆதரித்தார் என்ற கோபத்தில் ஆகஸ்ட் 8 பிரைமரியில் நெட் லாமான்ட்டிடம் 52க்கு 48 என்று தோற்றார். தோற்ற அன்று இரவே தனியாக நிற்பேன் என்று அறிவித்துவிட்டார். பல மாநிலங்களில் பிரைமரியில் தோற்றவர் அப்படி நிற்கவே சட்டம் விடாது, எங்கள் மாநிலத்தில் தடை இல்லை. மேலிடம் லாமான்ட் பக்கம் வந்தது, கீழே ஊர்க் கமிட்டிகள் ரெண்டாக உடைந்தன.

எங்கள் கமிட்டியில் ஒரு பெரியவர், லீபர்மன் முதல் முறை ஜெயித்த 1988இல் இருந்து அவருக்காக வேலை பார்த்தவர். செப்டம்பரில் ஒரு நாள் லாமான்ட் ஆபீசுக்கு வந்து, யாரிடமும் பேசாமல், ஒரு போனை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து மேஜையில் நான். அவர் ஒவ்வொரு அழைப்பிலும் ஒரே வாக்கியம்: "கட்சி வேட்பாளர் லாமான்ட், பிரைமரி வைத்தோம், அவர் ஜெயித்தார்." மறுமுனையில் ஊர்க்காரர்கள், அவரைத் தெரிந்தவர்கள், நீ யாருக்குப் போடுவாய் என்று கேட்பார்கள் போல. "அதைக் கேட்காதீர்கள், நான் கட்சிக்காகப் பேசுகிறேன்" என்பார், அதே குரலில், அடுத்த நம்பருக்குப் போவார். சாம்பார்சாதம் சொல்லக் கூடாது என்ற வார்த்தையைத்தான் அந்த மனிதர் மாலை முழுக்கச் சொன்னார்.

நவம்பரில் லீபர்மன் கிட்டத்தட்ட 10 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார், குடியரசுக் கட்சிக்காரர்கள் ஓட்டும் வாங்கி.

கணக்குப்பிள்ளை

பெரியவர் யாருக்குப் போட்டார்?

ஹார்ட்ஃபோர்ட்

கேட்கவில்லை. 2008 செப்டம்பரில் லீபர்மன் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடை ஏறி மெக்கெயினுக்காகப் பேசிய இரவு எனக்குப் போன் பண்ணினார், வெகுநேரம் திட்டினார். லீபர்மனையா, லாமான்ட்டையா, எங்கள் எல்லோரையுமா என்று பேச்சிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.