சைக்கிளில் வேலைக்குப் போகிறேன், பின்னால் வண்டி வருவதே தெரிவதில்லை. உதவி தேவை

தஞ்சாவூரான்:
வணக்கம். ஊரிலிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தங்கியிருப்பது டவுனுக்கு வெளியே, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டி. 6 கிலோமீட்டர். காலை ஆறரைக்கே சைக்கிளை எடுத்துவிடுவேன். இங்கேயும் இடது பக்கம்தானே, பழகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் ஈப்போ போகிற பெரிய சாலையில் யாரும் ஹாரனே அடிப்பதில்லை. முழங்கையை உரசுகிற மாதிரி லோரி தாண்டிப் போன பிறகுதான் தெரிகிறது. நேற்று கையைக் காட்டிவிட்டு வலது பக்கம் திரும்ப நடுவே போனேன். பின்னால் வந்த கார் கிறீச்சென்று நின்றது. ஓட்டியவர் மலாயில் திட்டினார். புரியவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். நான் செய்கிற தவறு என்ன?

லோரிக்காரன்:
தம்பி, ஊரில் ஹாரன் என்றால் ‘வருகிறேன், பார்த்துக்கோ’. இங்கே அடித்தால் வசவு. உங்களை மதித்துத்தான் அடிக்காமல் போகிறார்கள்! இனிமேல் காதை நம்ப வேண்டாம். வலது கைப்பிடியில் ஒரு கண்ணாடி மாட்டுங்கள்.

அந்தச் சாலை கூட்டரசுச் சாலை, உங்கள் ஊர்த் தேசிய நெடுஞ்சாலை மாதிரி. டவுனுக்கு வெளியே மணிக்கு 90 கிலோமீட்டர் வரை போகலாம், அதாவது விநாடிக்கு 25 மீட்டர். நீங்கள் கை நீட்டி மூன்று விநாடியில் திரும்பினால் கார் 75 மீட்டர் வந்திருக்கும். நடுவுக்கே போகாதீர்கள். இடது ஓரமாகவே சந்திப்பைத் தாண்டி, அங்கே நின்று சைக்கிளை வலது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக்குப் பச்சை விழுந்ததும் நேராகப் போங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பால்மரத்து அக்கா:
ஆறரை என்றீர்களே, விளக்கு இருக்கா? 1982இல் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். உங்கள் ஊர் ஆறரை மாதிரி இல்லை, ஏழு மணியை ஒட்டித்தான் வெளிச்சம் வரும். எங்கள் அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுக்கப் போகும்போது நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டுதான் சைக்கிளில் ஏறுவார். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் வேண்டும். கறுப்புச் சட்டை வேண்டவே வேண்டாம்.

தஞ்சாவூரான்:
விளக்கே இல்லை, அக்கா. கறுப்புச் சட்டைதான் கடைச் சீருடை.

பால்மரத்து அக்கா:
அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்க் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி!

லோரிக்காரன்:
இன்னொன்று. தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் சேருகிற வளைவில் வேகத்தைக் குறையுங்கள். லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழம் நசுங்கிக் கிடக்கும், சக்கரத்துச் செம்மண்ணும் சேர்ந்திருக்கும். மழை பெய்தால் சோப்பு போட்ட மாதிரிதான். அங்கே பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் விழுந்துவிடுவீர்கள். நான் மோட்டார் சைக்கிளிலேயே இரண்டு தடவை விழுந்திருக்கிறேன்.

தஞ்சாவூரான்:
கண்ணாடியும் விளக்கும் வாங்கிவிட்டேன். இன்று சந்திப்பில் நீங்கள் சொன்ன மாதிரியே போனேன், யாரும் திட்டவில்லை. ஆனால் தோட்டத்து வாசலில் மூன்று நாய்கள் துரத்துகின்றன. அதற்கு என்ன வழி?

பால்மரத்து அக்கா:
இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள், உங்களுக்கும் நாய்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கட்டும். ஓடுகிற சக்கரத்தைத்தான் அதுகள் துரத்தும்.