ராத்திரி பதினொன்றரை மணிப் பசி

குழு: ஆயா வீட்டுப் பிள்ளைகள்

*செவ்வாய் இரவு*

நான் (11.38): யாராவது விழித்திருக்கிறீர்களா?

தம்பி சிப்காட் (11.40): நான் இருக்கிறேன் அக்கா. நைட் ஷிப்ட். என்ன ஆச்சு, உடம்புக்கு ஏதாவதா?

நான் (11.45): உடம்புக்கு ஒன்றும் இல்லை. இப்போதுதான் அடுப்படியிலிருந்து வந்தேன். பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை நான்கு ஹாட்பாக்சில் இருந்தது. ஆறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. லைட் போட்டால் அவர் எழுந்துவிடுவார் என்று ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து, அந்த வெளிச்சத்தில் நின்றபடியே சாப்பிட்டேன். தட்டுகூட எடுக்கவில்லை. ஹாட்பாக்ஸ் மூடியிலேயே மிளகாய்ப் பொடியைக் கொட்டி, நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்து, பிய்த்துப் பிய்த்து. அப்புறம் பெரியம்மா கொடுத்தனுப்பிய மக்கன் பேடா டப்பாவில் மூன்று இருந்தது. அதுவும் போய்விட்டது. கடைசி பேடா இனிப்பாகவே தெரியவில்லை. அப்படியும் சாப்பிட்டேன்.

நான் (11.49): பொங்கலுக்கு 78 கிலோ இருந்தேன். சித்திரை பிறக்கும்போது 74. இந்த ஒரு மாதத்தில் மறுபடி இரண்டு ஏறிவிட்டது. பகல் முழுக்கக் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன். ராத்திரி பத்தரைக்கு மேல் வேறு ஆள் ஆகிவிடுகிறேன். வாரத்தில் நான்கு நாள் இப்படித்தான். அவரிடம்கூடச் சொல்லவில்லை. இங்கே சொன்னால் நெஞ்சில் இருக்கிற பாரம் கொஞ்சம் இறங்கும் என்று தோன்றியது.

தம்பி சிப்காட் (11.53): சொன்னது நல்லது அக்கா. எனக்கும் ஷிப்ட் மாறினால் இதே நிலைமைதான். இரண்டு மணிக்குக் கேன்டீனில் பரோட்டா வாசனை வந்தால் கால் தானாகப் போகிறது. இப்போது தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். பெரியக்கா காலையில் பார்த்தால் பதில் சொல்லும்.

*புதன்*

அக்கா காட்பாடி (5.50): இப்போதுதான் பார்த்தேன். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். பஸ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்குள் ஒன்று செய். நேற்று காலையிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் எழுது. ஒன்றும் விடாதே.

நான் (6.15): காலையில் சர்க்கரை இல்லாத டீ. 7.10 பஸ். பதினொரு மணிக்கு ஆபீசில் இன்னொரு டீ. மதியம் வெள்ளரிக்காய், கேரட், அரை கப் சாதம், ரசம். அப்புறம் ஒன்றும் இல்லை. ராணிப்பேட்டையிலிருந்து வீடு வர ஏழு மணி. எட்டு மணிக்கு ஒரு சப்பாத்தி, கொஞ்சம் கீரை. காலைச் சாப்பாட்டை விட்டால் சீக்கிரம் குறையும் என்று கூட வேலை செய்கிற பெண் சொன்னாள். முதலில் குறையவும் குறைந்தது.

மாமா குடியாத்தம் (6.40): எல்லாம் மனசுதான் அம்மா. ஒன்பது மணிக்கு அடுப்படியைப் பூட்டிச் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

அக்கா காட்பாடி (7.05): மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இது பூட்டினால் நிற்கிற பசி இல்லை. அவள் எழுதியதைக் கூட்டிப் பாருங்கள், பகல் பூராவும் 600 கலோரிகூடத் தேறாது. அதை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் ஏறி, கணக்கு எழுதி, வீட்டு வேலையும் பார்க்கிறாள்.

எங்களுக்கு ஊட்டச்சத்து வகுப்பில் ஒரு ஆய்வைச் சொல்லிக்கொடுத்தார்கள். மறக்கவே முடியாது. இரண்டாம் உலகப் போர் சமயம், 1944-45, அமெரிக்காவின் மினசோட்டாவில் நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு போட்டார்கள். அரைவயிறு என்றாலும் நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சமையல் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தார்களாம். திரும்ப நன்றாகச் சாப்பாடு போட்டபோது, வயிறு முட்டிய பிறகும் சிலரால் நிறுத்த முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் மனசு கெட்டுவிட்டதா? நம் பெண் அவர்கள் சாப்பிட்டதில் பாதிகூடச் சாப்பிடவில்லை.

அக்கா காட்பாடி (7.12): பாகாயம் தாண்டிவிட்டேன். இன்னும் சிலது கேட்க வேண்டும். தூங்கின பிறகு எழுந்து போய்ச் சாப்பிடுகிறாயா, இல்லை தூங்குவதற்கு முன்னா? தூக்க மாத்திரை ஏதாவது? சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாயா? மறைக்காதே. தனியாகச் சொல்வதானால் தனியாக அனுப்பு.

நான் (7.20): இதில் மறைக்க ஒன்றும் இல்லை அக்கா. படுப்பதற்கு முன்தான். மாத்திரை இல்லை, வாந்தியும் இல்லை. படுக்க மட்டும் பன்னிரண்டரை ஆகிறது. காலையில் ஐந்தரைக்கு எழ வேண்டும்.

அக்கா காட்பாடி (1.30): சாப்பாட்டு நேரம், அதனால் எழுதுகிறேன். தூக்கம் ஐந்து மணி நேரம் என்றால் அதுவும் சேர்ந்துதான் இழுக்கிறது. தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்புகிற கிரெலின் கூடும், போதும் என்று சொல்கிற லெப்டின் குறையும். மறுநாள் உடம்பு இனிப்பும் எண்ணெயும்தான் கேட்கும்.

வாந்தி, தூக்க மாத்திரை எல்லாம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இரவு உணவு நோய் என்று ஒன்று தனியாக உண்டு. 1955-ல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மருத்துவர் எழுதினார். காலையில் பசியே இருக்காது, பொழுது சாய்ந்த பிறகு அளவில்லாமல் சாப்பிடுவார்கள், தூக்கம் வராது. ஒரு நாள் சாப்பாட்டில் கால் பங்குக்கு மேல் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகே போனாலோ, நடுராத்திரியில் எழுந்து எழுந்து சாப்பிட்டாலோ, அது மாதக்கணக்கில் தொடர்ந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு வைத்தியம் இருக்கிறது. நீ முதலில் மூன்று வாரம் பகலில் ஒழுங்காகச் சாப்பிடு. அப்படியும் நிற்கவில்லை என்றால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

நான் (1.41): பகலில் சாப்பிட உட்கார்ந்தால் இறங்கவே மாட்டேன் என்கிறது அக்கா. கத்திரி வெயில் தெரியுமே. ஆபீஸ் ஷீட் கூரை அனல் அடிக்கிறது. தண்ணீரும் மோரும்தான் போகிறது. சாயங்காலம் காற்று வந்த பிறகுதான் வயிறே விழிக்கிறது.

பெரியம்மா ஆற்காடு (2.10): இதே வெயிலில்தானே உங்கள் ஆயா களை வெட்டினாள். காலை எட்டு மணிக்கே ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு. வெயில் ஏறுவதற்கு முன்னால் வயிறு நிறைந்துவிடும். மத்தியானம் களியும் கீரைக் குழம்பும். விளக்கு வைத்த பிறகு ஒரு சாப்பாடு. அதோடு கொள்ளிக்கட்டையில் தண்ணீர் தெளித்துவிடுவாள். அந்தச் சத்தம் கேட்டால் எங்களுக்கெல்லாம் தெரியும், இனி அடுப்படி இல்லை, பாய்தான்.

நான் (2.14): சர்ரென்று ஒரு சத்தமும் சாம்பல் வாசனையும் வரும் பெரியம்மா. எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

பெரியம்மா ஆற்காடு (2.20): எனக்கும் ராத்திரி பசிக்கிறது கண்ணு. ஒரு மணிக்கு முழிப்பு வருகிறது. உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடவென்று. நான்கு பிஸ்கட் தின்றால்தான் அடங்குகிறது. நானும் வாயைக் கட்ட வேண்டும் போல.

அக்கா காட்பாடி (2.21): பெரியம்மா, கட்டாதீர்கள்!!

அக்கா காட்பாடி (2.24): நீங்கள் இன்சுலின் போடுகிறீர்கள். வேர்வை, நடுக்கம், படபடப்பு என்றால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். இன்று ராத்திரி அப்படி வந்தால் அண்ணனை எழுப்பி மிஷினில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. மிஷின் கையில் இல்லை என்றால் பார்க்காமலே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். நாளை காலை மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். ஊசி அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பெரியம்மா ஆற்காடு (2.30): சரி கண்ணு. அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

*வியாழன்*

பெரியம்மா ஆற்காடு (9.40): 62 காட்டியது. சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன், 98-க்கு வந்தது. இப்போது டாக்டரைப் பார்த்தோம். ராத்திரி ஊசியைக் குறைத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

அக்கா காட்பாடி (9.55): இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் (7.50 மாலை): காலையில் இரண்டு இட்லி, ஒரு வேகவைத்த முட்டை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பத்து மணிக்குப் பாட்டிலில் கூழ். மதியம் ஒரு கப் சாதம், பருப்பு, புடலங்காய்ப் பொரியல். அக்கா சொன்னபடி ஐந்தரைக்குப் பஸ்சில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. வீட்டுக்கு வரும்போது எப்போதும் கதவைத் திறந்ததும் எரிச்சலாக வரும். பிள்ளைகள் மேல் விழுவேன். இன்று வரவில்லை. அது பசிதானா இத்தனை நாளும்?

அக்கா காட்பாடி (8.02): பசிதான். இப்போது தோசை சுட்டால் உன் தட்டில் இரண்டு வைத்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடு. பொடிக்கு எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும். அன்றைக்கு மூடியில் ஊற்றினாயே, ஒரு மேசைக்கரண்டியிலேயே 120 கலோரி. அப்புறம் பத்தரைக்குப் பசித்தால் ஒரு டம்ளர் பால் குடி. ஆனால் லைட்டைப் போட்டு, உட்கார்ந்து. இருட்டில் ஒளிந்து வேண்டாம். உன் வீடு அது.

*சனி இரவு*

மாமா குடியாத்தம் (10.25): பிள்ளைகளா, இரண்டு நாளாக இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குப் பூட்டச் சொன்னேன். என் கதையைச் சொல்லவில்லை. பகலில் தறிச் சத்தம் காதை அடைக்கிறது, ஒன்றும் தெரிவதில்லை. எட்டு மணிக்குத் தறி நின்றால் வீடு அப்படியே ஓய்ந்துவிடுகிறது. உங்கள் மாமி இருந்தவரை அந்த நேரத்தில்தான் பேசுவோம். போன ஆவணிக்குப் பிறகு பேச ஆள் இல்லை. டிவி முன்னால் அரைக் கிலோ மிக்சர் பாக்கெட் வைத்தால் மறுநாள் கால்வாசிகூட இருப்பதில்லை. பசி இல்லை எனக்கு. நன்றாகச் சாப்பிட்ட பிறகும் கை போகிறது.

நான் (10.28): மாமா.

நான் (10.31): இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை? எனக்கு இதே பத்தரை மணிதான் கஷ்டமான நேரம். தினமும் ஒன்பதரைக்கு நான் உங்களுக்குப் போன் செய்கிறேன். அரை மணி பேசுவோம். மாமி கறிக்குழம்புக்கு மசாலா எப்படி அரைப்பார்கள் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மாமா குடியாத்தம் (10.40): கசகசாவை வறுக்காமல் ஊற வைப்பாள். நாளைக்குச் சொல்கிறேன் அம்மா.

அக்கா காட்பாடி (10.44): மாமா, மிக்சரைப் பாக்கெட்டோடு எடுத்து வராதீர்கள். சின்னக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, டப்பாவை உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். அப்புறம், போன் வந்தால் டிவியை நிறுத்திவிடுங்கள்.

*பன்னிரண்டு நாள் கழித்து, வியாழன்*

நான் (6.05): நேற்று மறுபடி நடந்துவிட்டது. ஆபீசில் கணக்குத் தணிக்கை. மதியம் டிபன் பாக்சைத் திறக்கவே நேரம் இல்லை. ஒன்பது மணிக்கு வந்தேன், மாமாவுக்கும் போன் செய்யவில்லை. பதினொரு மணிக்கு ஐந்து தோசை. இத்தனை நாள் நன்றாகப் போனதே என்று அழுகை வந்தது. இன்று காலை ஒன்றும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அக்கா காட்பாடி (6.08): அங்கேதான் நீ திரும்பத் திரும்ப மாட்டுகிறாய். இப்போது விட்டால் இன்று ராத்திரியும் அதே ஃபிரிட்ஜ் முன்னால்தான் நிற்பாய். இட்லியை எடுத்து வை. சாப்பிட்டுவிட்டுப் படம் அனுப்பு.

நான் (6.34): [படம்] இரண்டு இட்லி, முட்டை.

தம்பி சிப்காட் (6.36): அக்கா, நானும் வீட்டிலிருந்து சாதம் கட்டிக்கொண்டு போகிறேன். பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறேன். இந்த வாரம் பரோட்டா ஒரே நாள்தான்.

*அடுத்த சனி*

நான் (5.10 மாலை): 75.4. இரண்டு வாரத்துக்கு மேல் ஆகி அறுநூறு கிராம்தான் இறங்கியிருக்கிறது. முன்பு இதைவிட வேகமாகக் குறைந்ததே அக்கா.

அக்கா காட்பாடி (5.25): வேகமாகக் குறைந்ததுதான் வேகமாக ஏறியது. மாதம் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ போதும். இடுப்பையும் டேப் வைத்து அள. நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். நீ 94-ல் இருந்தாய். எடை அசையாத வாரத்திலும் சில சமயம் இடுப்பு குறையும். தூக்கம் எப்படி?

நான் (5.27): பதினொன்றுக்குள் படுத்துவிடுகிறேன். மாமா ஒன்பதரைக்குச் சரியாக எடுக்கிறார். நேற்று அவரே போன் செய்துவிட்டார்.

மாமா குடியாத்தம் (5.40): நாளை எல்லோரும் இங்கே வாருங்கள். சீரகச் சம்பா வாங்கி வைத்திருக்கிறேன். ஆம்பூர்ப் பக்குவத்தில் நானே பிரியாணி போடுகிறேன். மட்டன் ஒன்றரைக் கிலோ போதுமா?

அக்கா காட்பாடி (5.44): போதும் மாமா. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் நான் வாங்கி வருகிறேன், தொக்குக்கு. மத்தியானம் ஒரு மணிக்கே பரிமாறிவிட வேண்டும்.

பெரியம்மா ஆற்காடு (5.50): நானும் வருகிறேன். இப்போதெல்லாம் ராத்திரி முழிப்பே வருவதில்லை. மக்கன் பேடா வாங்கட்டுமா?

நான் (5.52): வாங்குங்கள் பெரியம்மா. ஆளுக்கு ஒன்று, சாப்பாட்டோடு. நான் பிரியாணிக்காகப் பட்டினி கிடந்து வர மாட்டேன். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டரை பஸ்சைப் பிடிக்கிறேன்.