உதவி: அப்டேட்டுக்குப் பிறகு, திறந்து பார்த்த இணைப்புகள் ஊதாவாக மாறவில்லை

கொக்குவில் வாசகி:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் வெளிவந்த பழைய சஞ்சிகைகளுக்கு ஒரு கட்டுரை அட்டவணை தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இதழ்கள் பெரும்பாலும் நூலகம் எண்ணிம நூலகத்தில் கிடைக்கின்றன. அவற்றுக்கான இணைப்புகளை என் வலைப்பூவில் ஒரு பட்டியலாகப் போட்டு வைத்திருக்கிறேன். நீலமாக இருந்தால் இன்னும் பார்க்கவில்லை, ஊதாவாக இருந்தால் பார்த்துவிட்டேன். இவ்வளவு நாளும் இதுதான் என் கணக்கு.

பிரவுசர் அப்டேட் ஆனதில் இருந்து அந்தக் கணக்குப் பிழைக்கிறது. தேடல் பொறியில் தேடித் திறந்து படித்த இதழ், என் பட்டியலில் நீலமாகவே நிற்கிறது. இந்தக் கிழமை மட்டும் ஒரே இதழை மூன்று தடவை இறக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றும் பெரிய பிடிஎஃப், டேட்டாவும் வீண், நேரமும் வீண். யாருக்காவது காரணம் தெரியுமா?

நல்லூர்ப் பொடியன்:
அக்கா, அப்டேட்டுக்குப் பிறகு இப்படி வருவது வழமை. கேஷ், குக்கி, ஹிஸ்டரி எல்லாவற்றையும் ஒருக்கா அழித்துவிட்டுப் பிரவுசரைத் திரும்பத் திறந்து பாருங்கள்.

இணுவில் வலைஞன்:
தங்கச்சி, தயவுசெய்து ஹிஸ்டரியை அழிக்காதீர்கள்! ஊதா நிறமே ஹிஸ்டரியை வைத்துத்தான் வருகிறது. அழித்தால் இப்போது மிஞ்சியிருக்கிற ஊதாவும் போய்விடும், திரும்பக் கொண்டுவர வழியில்லை. தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் இந்தப் பிரச்சினைக்கு அது மருந்தில்லை.

முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பிரவுசரின் பதிப்பு இலக்கம் என்ன? இதுவரை திறக்காத ஓர் இதழை உங்கள் வலைப்பூவில் இருந்தே சொடுக்கித் திறந்து, திரும்பி வந்து பார்த்தால் ஊதாவா, நீலமா? நூலகம் தளத்துக்குள்ளேயே இருக்கிற பட்டியலில், நீங்கள் ஏற்கெனவே பார்த்த இதழ்கள் என்ன நிறத்தில் தெரிகின்றன?

கொக்குவில் வாசகி:
நல்ல வேளை, அழிக்க முன்னம் பார்த்தேன். குரோமியம் வகைப் பிரவுசர்தான் (குரோமின் அதே அடிப்படையில் செய்தது) பாவிக்கிறேன், பதிப்பு 136ஐத் தாண்டிவிட்டது. வலைப்பூவில் இருந்து சொடுக்கினால் ஊதாவாகிறது. ஆனால் அதே இதழ் தேடல் முடிவில் நீலம். நூலகம் தளத்துக்குள் போய்ப் பார்த்தால், நான் எங்கிருந்து சொடுக்கித் திறந்திருந்தாலும் ஊதாதான்! இது எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது.

இணுவில் வலைஞன்:
அப்படியென்றால் உங்கள் கணனியில் ஒரு பிழையும் இல்லை. இது தெரிந்தே செய்த மாற்றம். 2025 ஏப்ரலில் வந்த குரோம் 136 இல் தொடங்கியது.

முன்பு ஒரு முகவரியை எங்கிருந்து திறந்தாலும், அது ‘பார்த்தது’ என்று ஒரே பொதுப் பட்டியலில் பதியப்பட்டது. எந்தத் தளத்தில் அந்த இணைப்பு வந்தாலும் ஊதா. இப்போது ஒவ்வொரு பதிவோடும் மூன்று விவரம் சேர்கிறது: இணைப்பின் முகவரி, அதைச் சொடுக்கியபோது நீங்கள் நின்ற தளம், அந்த இணைப்பு இருந்த சட்டகம் (frame, பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம் போன்ற பகுதி). மூன்றும் ஒத்துவந்தால்தான் ஊதா. தேடல் பொறியில் சொடுக்கியது உங்கள் வலைப்பூவுக்குத் தெரியாது, வலைப்பூவில் சொடுக்கியது தேடல் பொறிக்குத் தெரியாது. ஒரு தளம் தன் சொந்தப் பக்கங்களை ஊதாவாகக் காட்டுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் அங்கே வந்தது அந்தத் தளத்துக்கு எப்படியும் தெரியும்தானே. அதனால்தான் நூலகத்துக்குள் எல்லாம் சரியாகத் தெரிகிறது.

ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். ஒரு தளம் தன் பக்கத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒளித்து வைத்து, எது ஊதாவாகிறது என்று நிரல் எழுதிப் பார்த்தால், நீங்கள் எந்த வங்கி, எந்த வருத்தத்துக்கு மருந்து தேடினீர்கள், எந்த அரசியல் செய்தி வாசித்தீர்கள் என்று கேளாமலே அறிந்துகொள்ளலாம். இந்த ஓட்டை 2002 இலேயே, பயர்பாக்ஸ் பிரவுசரைச் செய்கிற மொசில்லாவின் வழுப்பட்டியலில் பதிவாகிவிட்டது. 2010 இல் மொசில்லாவின் பொறியியலாளர் டேவிட் பேரன் (David Baron) ஒரு தீர்வு முன்வைத்தார். இணைப்பின் நிறத்தைக் கேட்கும் நிரலுக்குப் பிரவுசர் எப்போதும் ‘பார்க்காதது’ என்றே பதில் சொல்லும், பார்த்த இணைப்புக்கு நிறங்களைத் தவிர வேறெதையும் மாற்ற முடியாது. அதன்பிறகும் சுற்றுவழிகள் வந்துகொண்டே இருந்தன. இப்போது பட்டியலையே பிரித்துவிட்டார்கள். யார் என்ன வாசிக்கிறார்கள் என்று பிறர் பார்ப்பது எவ்வளவு பாரம் என்பது எங்கள் ஊரில் இருந்த ஆட்களுக்கு நன்றாக விளங்கும். எனக்கு இந்த மாற்றம் சரியென்றுதான் படுகிறது, உங்கள் வேலைக்கு அது இடைஞ்சல் என்றாலும்.

செய்யக்கூடியது: இதழ்களை எப்போதும் வலைப்பூப் பட்டியலில் இருந்தே திறவுங்கள். தேடலில் புதிதாக ஒன்று கண்டால், அதை முதலில் பட்டியலில் சேர்த்துவிட்டு அங்கிருந்து சொடுக்குங்கள்.

கரவெட்டி ஆசிரியர்:
இடையில் ஒரு கேள்வி. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கண்ணில் சத்திரசிகிச்சையும் முடிந்தது. அந்த நீலமும் ஊதாவும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. பார்த்த இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் வரச் செய்ய முடியாதா?

இணுவில் வலைஞன்:
சேர், அந்த 2010 கட்டுப்பாட்டால் அடையாளமோ தடித்த எழுத்தோ வராது. நிறத்தை மட்டும் மாற்றலாம். பயர்பாக்ஸ் அமைப்புகளில் நிறங்களுக்கு ஒரு பகுதி இருக்கிறது. பார்த்த இணைப்புக்குக் கடும் சிவப்பு கொடுத்து, தளங்களின் நிறத்துக்குப் பதிலாக உங்கள் நிறமே வரும்படி வையுங்கள். தளங்களின் மற்ற நிறங்களும் போய்விடும், ஆனால் வாசிக்கச் சுகம்.

தளங்களின் தோற்றத்தை மாற்றும் நீட்சி (பிரவுசரோடு சேர்க்கும் சிறு செயலி) பாவித்தால் பார்த்த இணைப்புக்கு மஞ்சள் பின்னணியும் கொடுக்கலாம். அதில் பலர் வழுக்குகிற ஓர் இடம் உண்டு, நானும் அரைநாள் மினைக்கெட்டேன். பார்க்காத இணைப்பின் பின்னணி முழுதாக ஒளிபுகும் நிலையில் இருந்தால், பார்த்ததற்குக் கொடுக்கும் பின்னணியைப் பிரவுசர் கவனிக்கவே மாட்டாது. முதலில் எல்லா இணைப்புக்கும் வெள்ளைப் பின்னணி கொடுங்கள், பிறகு பார்த்ததற்கு மஞ்சள்.

கரவெட்டி ஆசிரியர்:
பேத்தி செய்து தந்தாள். மஞ்சள் நன்றாகத் தெரிகிறது. மிக்க நன்றி தம்பி.

கொக்குவில் வாசகி:
அண்ணை சொன்னபடி எல்லாவற்றையும் பட்டியலில் இருந்தே திறக்கிறேன், இரண்டு நாளாக ஒன்றும் இரட்டிக்கவில்லை. ஆனால் நான்கைந்து மாதத்துக்கு முன்னம் பட்டியலில் இருந்தே திறந்த சில இதழ்கள் நீலமாக நிற்கின்றன. அது ஏன்?

இணுவில் வலைஞன்:
அது வேறு காரணம். குரோம் 90 நாளுக்கு மேல் ஹிஸ்டரியை வைத்திருக்காது. பதிவு போனால் ஊதாவும் போகும், அப்டேட் வராவிட்டாலும் இது நடந்திருக்கும். மாதக்கணக்கில் ஓடும் வேலைக்கு நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு விரிதாள் திறந்து இதழ், பார்த்த திகதி, மிச்சப் பக்கம் என்று எழுதுங்கள்.

நல்லூர்ப் பொடியன்:
அக்கா, நான் சொன்னது பிழை, மன்னியுங்கள். விரிதாளில் பழைய இதழ்களை ஏற்ற ஆள் தேவையென்றால் சனிக்கிழமைகளில் வரலாம்.

கொக்குவில் வாசகி:
கட்டாயம் வாங்கோ தம்பி. இன்று காலை தொடங்கி 62 இதழ் ஏற்றிவிட்டேன், நீலமாகத் திரும்பியவற்றை முதலில் எடுத்துக்கொள்வோம்.