குளித்த, துவைத்த தண்ணீரை மரங்களுக்கு விடுவது எப்படி?

வைகைக்கரை:
பரமக்குடி பக்கம் வீடு. போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1800. குளிக்க, துவைக்க நாளொன்றுக்குச் சுமார் 300 லிட்டர் செலவாகிறது. கழிவைத் தொட்டியில் பிடித்து, மறுநாள் மோட்டார் போட்டுத் தென்னைக்கும் வாழைக்கும் விடுகிறோம். தொட்டி நாறுகிறது, வாழை இலை ஓரம் கருகுகிறது. ஃபில்டர் கட்டினால் சரியாகுமா?

கரிசல்காடு:
நாற்றத்துக்குக் காரணம் தேக்கிவைப்பதுதான். சோப்பும் அழுக்கும் கலந்த தண்ணீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்து அழுக ஆரம்பித்துவிடும். ஃபில்டர் மணலும் இரண்டு மாதத்தில் தலைமுடியும் சோப்புக் கசடுமாக அடைத்துக்கொள்ளும். தொட்டியை விட்டுவிட்டு, தண்ணீரை அன்றன்றே மண்ணுக்குள் இறக்குங்கள்.

தென்னையைச் சுற்றி, அடிமரத்திலிருந்து மூன்றடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் வட்டக் குழி வெட்டி, தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். வீட்டிலிருந்து குழி வரை இரண்டு அங்குல பிவிசி பைப், பத்தடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம் (சரிவு). பைப்பின் வாய் மட்டைக்கு நாலு விரற்கடை மேலே நிற்கட்டும். புதைத்துவிட்டால் வேர் உள்ளே ஏறி அடைக்கும். மரத்துக்கு ஒரு வால்வு வைத்து நாள்முறை போட்டு மாற்றிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் குழியில் தண்ணீர் நின்றால் அந்த மரத்துக்கு அளவு அதிகம் என்று அர்த்தம், கொசுவும் வரும்.

உவர்நிலம்:
இலை கருகுவது உப்பால். பழியை முழுக்க சோப்பின் மேல் போட முடியாது; 1800 டிடிஎஸ் தண்ணீரே வாழைக்கு அதிகம். தென்னை தாங்கும், வாழையை விட்டுவிடுங்கள். சோப்புத்தூளில் உள்ள சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும் என்பதால், முதல் துவைப்புத் தண்ணீரைச் சாக்கடைக்கும் அலசிய தண்ணீரை மட்டும் மரத்துக்கும் திருப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரை இதே குழிகளில் இறக்கினால் சேர்ந்த உப்பு கீழே இறங்கும். ஆர்ஓ (குடிநீர் சுத்திகரிக்கும் கருவி) கழிவு நீரில் உப்பு இன்னும் கூடுதல், அது கக்கூஸுக்கு ஊற்றத்தான்.

வைகைக்கரை:
நன்றி. பாத்திரம் கழுவிய தண்ணீர்? கீரைப் பாத்திக்கும் விடலாமா?

கரிசல்காடு:
கீரைக்குக் கண்டிப்பாக வேண்டாம். குளித்த தண்ணீரிலும் மலக்கிருமி இருக்கும். குழந்தையின் மலத்துணி, நோயாளியின் துணி அலசியது செப்டிக் டேங்குக்குத்தான் போக வேண்டும். ஸ்பிரிங்க்ளரில் தெளிக்காதீர்கள், நல்ல தண்ணீர் லைனோடு எந்த இடத்திலும் இணைக்காதீர்கள், வால்வு வைத்தும்கூட. பாத்திரத் தண்ணீர் மரத்துக்குப் போகும் முன்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டி, வெளியேறும் பைப்பில் எல்போ (வளைந்த இணைப்பு) மாட்டி அதன் வாயைத் தண்ணீருக்குள் முக்கால் அடி கீழே இறக்குங்கள். எண்ணெய் மேலேயே நிற்கும். வாரம் ஒருமுறை வழித்து எடுத்துப் புதைத்துவிடுங்கள்.